குறையை மறைக்காத வியாபாரம்: கொடைக்கானல் பாதரச ஆலை தரும் பாடம்



கொடைக்கானல் மலையில் ஜும்ஆ மேடையில் நான் பேசியதை உங்களுக்காகக் கட்டுரையாக எழுதித் தருகிறேன். மேடையில் கிடைப்பது இருபது நிமிடம். எழுத்தில் கொஞ்சம் விரித்துப் பேசலாம்.

வியாபாரத்தைப் பற்றி பயான் என்றதும் வட்டி கூடாது, அளவு நிறுவையில் குறைக்கக் கூடாது என்ற இரண்டும் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். இரண்டும் முக்கியம்தான். ஷுஐப் (அலை) அவர்களின் மத்யன் சமூகம் அழிந்ததற்கு நிறுவை மோசடி ஒரு காரணம் என்று குர்ஆன் சொல்கிறது. ஆனால் தராசு சரியாக இருந்தும், வட்டி ஒரு பைசா கலக்காமல் இருந்தும் ஒருவருடைய வியாபாரம் கெட்டுப் போகலாம். எப்படி? பொருளில் இருக்கும் குறையை அவர் சொல்லாமல் விட்டால். இதைத்தான் ஃபிக்ஹு கிதாபுகளில் 'ஐப்' என்று தனிப் பாடமாக வைத்திருக்கிறார்கள். மதரஸாவில் ஓதும்போது வறண்ட பாடமாகத் தெரிந்தது. இந்த மலைக்கு இமாமாக வந்த பிறகுதான் அதன் கனம் எனக்குப் புரிந்தது.

தானியக் குவியலுக்குள் போன கை

நீங்கள் பலமுறை கேட்ட ஹதீஸ்தான். நபி (ஸல்) அவர்கள் மதீனா கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார்கள். கையை உள்ளே விடுகிறார்கள். விரலில் ஈரம் படுகிறது. என்ன இது என்று வியாபாரியிடம் கேட்கிறார்கள். மழை பட்டுவிட்டது என்கிறார் அவர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்த செய்தி இது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வியாபாரி தானியத்தில் தண்ணீர் ஊற்றவில்லை. மழை பெய்தது அவர் குற்றமில்லை. நனைந்த தானியத்தை விற்காதே என்றும் நபியவர்கள் சொல்லவில்லை. ஈரத்தைக் கீழே வைத்ததுதான் குற்றமானது.

இதை மனதில் வைத்துக்கொண்டு செயின்ட் மேரிஸ் ரோட்டுக்கு வாருங்கள்.

மலை மேல் வந்த ஆலை

1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஆலையின் இயந்திரங்களைக் கொண்டுவந்து பாண்ட்ஸ் கம்பெனி இங்கே நிறுவியது. பிறகு அந்தக் கம்பெனி யூனிலீவர் கைக்குப் போனது. ஆலையும் இந்துஸ்தான் லீவரின் பொறுப்புக்கு வந்தது. கண்ணாடியும் பாதரசமும் வெளிநாட்டிலிருந்து வரும். தெர்மாமீட்டர் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போகும். கழிவு மட்டும் இங்கே தங்கும்.

வேலை கிடைத்ததில் ஊர் சந்தோஷப்பட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். மலையில் நிரந்தர வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தது ஹலாலான வேலை.

பாதரசம் எப்படிப்பட்ட பொருள்? உலோகம், ஆனால் சாதாரண வெப்பத்திலேயே தண்ணீர் போல ஓடும். திறந்து வைத்தால் ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சில் போய் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கை நடுங்கும், மறதி வரும், தூக்கம் போகும். கரியோ அமிலமோ என்றால் தொழிலாளி கண்ணால் பார்த்து, மூக்கால் உணர்ந்து ஒதுங்கிக்கொள்வான். இதில் அவனுக்குத் தெரிய வேறு வழியே கிடையாது. முதலாளி சொன்னால்தான் உண்டு. ஆகவே சொல்ல வேண்டிய கடமை இங்கே பல மடங்கு கூடுகிறது.

2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கண்ணாடிக்குள் பாதரசம் ஒட்டியிருந்தது. பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சிலும் கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து, 7.4 டன் என்று கணக்குச் சொல்லிப் போராட்டத்தில் இறங்கின. கம்பெனி சொன்ன கணக்கு அதைவிடக் குறைவு. கம்பெனியின் விதிகளை மீறிக் கழிவு வெளியே போய்விட்டது என்பது அவர்கள் தரப்பு விளக்கம். அந்த மாதமே உற்பத்தி நின்றது. ஆலை மீண்டும் திறக்கவில்லை. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவும் பாதரசம் கலந்த பொருள்களும் தூத்துக்குடி வழியாகக் கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. வந்த இடத்துக்கே கழிவு திரும்பிப் போனது அபூர்வமான விஷயம்.

சகோதரர்களே, அந்த பழைய இரும்புக் கடையைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். நம் சமுதாயத்தில் எத்தனை பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள்! மூட்டை வருகிறது, எடை போடுகிறோம், காசு கொடுக்கிறோம், கையால் பிரிக்கிறோம். கடையில் வேலை பார்க்கும் பையனுக்குக் கையுறை கூட இருக்காது. உள்ளே இருப்பது என்ன என்று விற்றவர் சொல்லவில்லை என்றால் அந்தக் கடைக்காரர் என்ன செய்வார்?

இறைச்சிக்கா, சவாரிக்கா?

வாஸிலா இப்னு அஸ்கஃ (ரழி) அவர்கள் ஒரு ஸஹாபி. ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்கும்போது அவர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். கவனம் வேறெங்கோ இருந்தது. வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். திடீரென்று நினைவு வந்து பின்னாலேயே ஓடிப் போய், இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காக வாங்கினீரா என்று சத்தம் போட்டுக் கேட்கிறார்கள். சவாரிக்கு என்கிறார் அவர். அப்படியானால் அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விலையில் நூறு திர்ஹம் குறைந்தது. விற்றவருக்குக் கோபம்: என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே! எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் பைஅத் செய்திருக்கிறோம் என்பதுதான் வாஸிலா (ரழி) சொன்ன பதில். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் வியாபாரப் பகுதியில் இந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்கிறார்கள்.

விற்றவர் அவரில்லை, வாங்கியவரும் அவரில்லை. பக்கத்தில் நின்றவர். இருந்தாலும் தெரிந்தவர் சொல்ல வேண்டும் என்ற சட்டம் இதிலிருந்து வருகிறது. அவர் கேட்ட கேள்வியையும் பாருங்கள். இறைச்சிக்கு என்றால் குளம்பு ஓட்டை ஒரு குறையே இல்லை. பொருள் எதற்குப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஐப். ஒரு கண்ணாடிக் கழிவு, பாதரசத்தைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஆலைக்குப் போனால் அது ஒரு பொருள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடமாடும் தெருவில் உள்ள பழைய இரும்புக் கடைக்குப் போனால் அது விஷம்.

இந்த இடத்தில் ஜப்பானை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மினமாட்டா என்ற கடலோர ஊரில் சிஸ்ஸோ கம்பெனியின் ரசாயன ஆலை இருந்தது. மீன் தின்றவர்களுக்கு நரம்பு நோய் வந்தது. 1956-ல் அந்த நோயை முதலில் சுகாதாரத் துறைக்குச் சொன்னவர் யார் தெரியுமா? கம்பெனி ஆஸ்பத்திரியின் டாக்டர் ஹோசோகவாதான். 1959-ல் அவர் ஆலைக் கழிவைப் பூனைக்குச் சாப்பாட்டில் கலந்து கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. கம்பெனி அந்த முடிவை வெளியே விடவில்லை. கழிவு 1968 வரை கடலில் கொட்டப்பட்டது. ஒன்பது வருடம்! 1970-ல், புற்றுநோயில் படுத்திருந்த அதே டாக்டர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி கோர்ட்டுக்குச் சாட்சி சொன்னார். அங்கே கடலில் கலந்தது மெத்தில் பாதரசம், இங்கே உலோகப் பாதரசம். இரண்டும் ஒன்றல்ல, இரண்டு ஊர்களையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியில்லை. நான் சொல்ல வருவது அந்த டாக்டரைப் பற்றி. வாஸிலா (ரழி) உடனே பின்னால் ஓடினார்கள். இவருக்கு ஓடுவதற்குப் பதினோரு வருடம் ஆனது. நடுவில் எத்தனை பேர் சவாரிக்கு ஒட்டகம் வாங்கிப் போய்விட்டார்கள்!

உங்களில் கணக்கு எழுதுபவர் இருப்பீர்கள், சூப்பர்வைசர் இருப்பீர்கள், பார்மசியில் நிற்பவர் இருப்பீர்கள். நான் சம்பளக்காரன், முதலாளி பார்த்துக்கொள்வார் என்ற பதிலை வாஸிலா (ரழி) அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

இரு தரப்பையும் சொல்வது நீதி

ஒரு கூட்டத்தின் மேல் உள்ள வெறுப்பு உங்களை நீதி தவற வைக்கக் கூடாது என்று சூரா மாயிதாவில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஆகவே கம்பெனியின் தரப்பையும் சொல்கிறேன். தொழிலாளர்களுக்குப் பாதரசத்தால் நோய் வந்ததாகத் தாங்கள் செய்வித்த, அரசு நிறுவனங்கள் செய்த ஆய்வுகளில் தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். முன்னாள் தொழிலாளர்களோ, ஆபத்து என்னவென்று தங்களுக்குச் சொல்லப்படவில்லை, பாதுகாப்பு போதவில்லை என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011-ல் மத்திய தொழிலாளர் துறையின் குழு நீதிமன்றத்தில் கொடுத்த அறிக்கை, தொழிலாளர்களும் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருக்கிறது என்றது. கம்பெனி அதை ஏற்கவில்லை.

2015-ல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு ராப் பாட்டு இந்த விஷயத்தை உலகம் முழுக்கக் கொண்டு போனது. (பாட்டு கூடுமா கூடாதா என்று என்னிடம் கேட்காதீர்கள். பதினான்கு வருடம் நாம் மேடையில் பேசாமல் இருந்தோமே, அதை முதலில் கேளுங்கள்.) 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தரப்போடு கம்பெனி சமரசம் செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றார்கள். தொகை வெளியிடப்படவில்லை.

ஸுல்ஹு, அதாவது சமரசம், மார்க்கத்தில் நல்ல காரியம். குர்ஆனே அதைச் சிறந்தது என்கிறது. பதினைந்து வருடம் கழித்தாவது ஒரு குடும்பத்துக்குக் கையில் காசு வந்ததே என்று நானும் அல்ஹம்து லில்லாஹ் சொல்வேன். ஆனால் ஸுல்ஹு என்பது மேஜையில் உட்கார்ந்த இருவருக்கு இடையில்தான். மேஜைக்கு வராத ஆள்களின் ஹக்கு என்ன ஆகும்?

ஆலை இருந்த மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலை. அதன் தண்ணீர் பாம்பாறாக இறங்குகிறது. கும்பக்கரை அருவியில் நீங்கள் குளித்திருப்பீர்களே, அது பாம்பாற்றுத் தண்ணீர். அது பெரியகுளம் பக்கம் இறங்கி வைகையோடு சேரும். ஆலைக்காரருக்கும் பெரியகுளத்து விவசாயிக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. முகம் கூடத் தெரியாது. கொடைக்கானல் ஏரித் தண்ணீரிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் எழுதினார்கள். ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவு வரை சுத்தம் செய்தால் போதும் என்பதிலும் பல வருடம் சண்டை நடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று கம்பெனி சொன்னது. சோலைக் காட்டுக்கு மேலே அந்த அளவு ரொம்ப அதிகம் என்று எதிர்த்தார்கள்.

கப்பலின் மேல்தட்டு, கீழ்த்தட்டு ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஓட்டை போட நினைக்கிறார்கள், மேலே இருப்பவர்கள் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் என்று நபி (ஸல்) உதாரணம் சொன்னார்கள். மலையில் இது தலைகீழ். மேலே இருப்பவர் ஓட்டை போட்டால் முதலில் நனைவது கீழே இருப்பவர். அவருக்குத் தடுக்கவும் வழியில்லை, ஏனென்றால் மேலே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

மறுமையில் ஓட்டாண்டியாக நிற்பவரைப் பற்றிய ஹதீஸையும் இங்கே சேர்த்துப் படியுங்கள். தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் வருவார். இன்னாரை ஏசினார், இன்னாரின் பொருளைத் தின்றார் என்று வரிசையாக ஆள்கள் வந்து அவருடைய நன்மைகளை எடுத்துக்கொண்டு போவார்கள். நன்மை தீர்ந்ததும் அவர்களுடைய பாவம் இவர் தலையில் விழும். அந்த வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் நமக்குத் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரின் வழியாக வருபவர்களும் அதில் நிற்பார்களே!

நம் கடைக்கு வருவோம்

பெரிய கம்பெனியைப் பேசும்போது நமக்கெல்லாம் உஷார் வரும். சொந்தக் கடை என்றால் தூக்கம் வரும். ஜும்ஆவில் இந்த இடத்துக்கு வந்தபோது சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

லாட்ஜ் வைத்திருக்கும் சகோதரர்களே! சீசனில் ரூம் எல்லாம் நிரம்புகிறது. செப்டிக் டேங்க் நிரம்பினால் அது எங்கே போகிறது? ராத்திரியோடு ராத்திரியாக ஓடையில் திறந்துவிட்டால், அது இறங்குவதும் பாம்பாறு இறங்கும் அதே வழிதான். தண்ணீர்த் துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய காரியமாக நபியவர்கள் சொன்னது, வெட்டவெளிக்குப் போகும் ஒரு தனி மனிதருக்கு. நாற்பது ரூம் வைத்திருப்பவர் தம் பங்கைத் தாமே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். 2024-ல் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று அறிவித்தார்கள். சில கடைகளில் பாட்டில் கல்லாவுக்குக் கீழே போனதே தவிர, கடையை விட்டுப் போகவில்லை.

சாக்லேட் கடைகள். 'ஹோம்மேட்' என்று எழுதி வைக்கிறோம். கோகோ வெண்ணெய் போட்டுச் செய்வது ஒன்று, தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்டை உருக்கி அச்சில் ஊற்றுவது இன்னொன்று. இரண்டாவது ஹராம் அல்ல. அதை அதுவென்று சொல்லி, அதன் விலைக்கு விற்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. யூகலிப்டஸ் தைலமும் அப்படித்தான். கலந்திருந்தால் கலந்தது என்று எழுதுங்கள்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. கூட்டாளி ஹஃப்ஸ் அவர்களிடம் சரக்கை அனுப்பும்போது, இன்ன துணியில் குறை இருக்கிறது, சொல்லி விற்றுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். யார் வாங்கினார் என்றும் தெரியவில்லை. விஷயம் தெரிந்ததும் அந்தச் சரக்கு விற்ற பணம் முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்கள். கூட்டாளி வேண்டுமென்று செய்யவில்லை, இமாமுக்கோ அதில் பங்கே இல்லை. என்றாலும் மறதியால் வந்த காசு கூடத் தம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று பயந்தார்கள். ஆளைத் தேட முடியாமல் போனபோதுதான் தர்மம் என்பதையும் கவனியுங்கள். வாங்கியவர் யாரென்று தெரிந்தால் அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும்; பள்ளிவாசலுக்கு நன்கொடை கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது. கம்பெனிகள் ஒரு பக்கம் கெடுத்துவிட்டு மறுபக்கம் சமூகப் பொறுப்பு என்று மரம் நடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஜமாஅத்திலும் அந்தக் கணக்கு நடக்கிறது. பள்ளிக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தவரின் கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஜும்ஆ முடிந்து ஒருவர் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். பூண்டு வியாபாரம். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். விலையும் அதிகம். சீசன் இல்லாதபோது கீழே வடுகபட்டிச் சந்தையிலிருந்து வெளிமாநிலப் பூண்டு வரும்.

"ஹஜ்ரத், நான் மலைப்பூண்டுன்னு வாயால சொல்றதில்ல. கடை மலை மேல இருக்கு, வர்றவங்க அவங்களா நெனச்சுக்கிறாங்க. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

நான் திருப்பிக் கேட்டேன்: "பாய், அவங்க அப்படி நெனைக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தெரியும்" என்றார்.

"அப்ப ஈரம் கீழே இருக்கு."

ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடையில் இரண்டு கூடைகள் இருந்தன. ஒன்றில் 'மலைப்பூண்டு' என்றும் மற்றதில் 'வெளியூர்ப் பூண்டு' என்றும் அட்டையில் எழுதிச் செருகியிருந்தார். வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "வெளியூர்ப் பூண்டு பாதிக்குப் பாதி குறைஞ்சிடுச்சு ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டு, எனக்குக் கால் கிலோ நிறுத்தார். எந்தக் கூடையிலிருந்து வேண்டும் என்று முதலில் கேட்டார்.